காகிதக் கடையின் பச்சைக் கட்டம்

தபால் அண்ணனுக்கும் தபால் ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் கடைத்தெரு வணிகர் சங்கத்தில் அவர் கடைநிலை ஊழியர். சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால், அதை அட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். ‘பார்த்தேன்’ என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவார். முப்பத்தொரு வருஷம் அதுதான் வேலை. அதனால்தான் தபால். அவர் மனைவியைக்கூட நாங்கள் தபால் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணி அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. நல்லவேளை இவர் குப்பை வண்டி தள்ளவில்லை என்பார்.

நான் அதே தெருவில் கிழிசல் தைத்து, ஜிப் மாற்றித் தருகிறவள். தபால் அண்ணனைப் பற்றித் தெருவில் இப்போது இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுமே முழுசாகச் சரியில்லை. எனக்குத் தெரிந்ததை, ஆண்டவன் சாட்சியாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் வரும் நேரத்தில் கடைக்காரர் கையில் வேலை இருக்கும், இல்லையென்றால் ஆளே இருக்க மாட்டார். “நீயே போட்டுக்கோ தபாலு” என்று சொல்லிவிடுவார்கள். அவரும் போட்டுக்கொள்வார். தெருவில் அத்தனை பேர் கையெழுத்தும் அவர் விரலில் இருந்தது. மருந்துக் கடைக்காரருக்கு ஒரு சுழி, ஒரு கோடு. இரும்புக் கடைக்காரருக்கு வால் நீளும். என் கையெழுத்தை என்னைவிட அவர் அழகாகப் போடுவார். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. யாருக்குப் போட்டாரோ அவர்களிடம் சாயந்திரம் மறக்காமல் வந்து, இன்ன விஷயம், இன்ன தேதி என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவர் போட்டால் நாம் போட்ட மாதிரி என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தது. அப்போது எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு கடையில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் சும்மா கிடந்தது. நாலு கடை தள்ளி ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் குளிர்பெட்டி நின்றுபோய் உள்ளே இருந்த மருந்தெல்லாம் கெட்டது. எதிர்க்கடையில் ஜெனரேட்டர் இருந்தது அவருக்குத் தெரியாது. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனதில் வந்ததுதான் பாதி நஷ்டம்.

அதன் பிறகு சங்கச் செயலாளர் ஒரு காரியம் செய்தார். அவர் பெயிண்ட் கடைக்காரர். சத்தம் பெரிசு, ஆனால் தெருவுக்காக ஓடுகிறவர். பெரிய கம்பெனிகளில் எல்லாரும் ஒரே இடத்தில் பார்த்து வேலையைப் பங்கிட்டுக்கொள்ளச் செயலி வைத்திருக்கிறார்களாம். அதில் ஒன்றைத் தேடிப்பிடித்து நாற்பத்திரண்டு கடைக்காரர் போனிலும் ஏற்றிவிட்டார். நாங்கள் அதைப் போர்டு என்போம்.

போர்டில் கடைக்கு ஒரு கட்டம். அதைத் தொட்டால் அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கேஸ் சிலிண்டர் எந்த மூலையில், சாவி யாரிடம், மோட்டார் உண்டா, கயிறு உண்டா எல்லாம் வரும். ஆபத்து நேரத்தில் கட்டத்தின் நிறம் மாறும். வெள்ளை என்றால் இன்னும் தகவல் இல்லை. மஞ்சள் என்றால் சரக்கு நகர்த்த ஆள் வேண்டும். சிவப்பு என்றால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை என்றால் எல்லாரும் வெளியே வந்தாயிற்று, ஷட்டர் பூட்டியாயிற்று. மீட்புப் படைக்காரர்களும் அவர்கள் அலுவலகத்தில் அதே போர்டைத்தான் பார்ப்பார்கள். பச்சையாக இருக்கிற கடைக்கு அவர்கள் போக மாட்டார்கள்.

நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த மழையிலேயே ஒரு மோட்டார் ஏழு கடைக்குச் சுற்றி வந்தது. மருந்துக் கடைக்காரர் மஞ்சள் போட்ட கால் மணி நேரத்தில் எதிர்க்கடை ஜெனரேட்டர் அவர் வாசலில் நின்றது.

ஆனால் போர்டுக்குள் போக ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்க ரகசிய எண் வைக்க வேண்டியிருந்தது. பாதிக் கடைக்காரர்கள் போனைத் தபால் அண்ணனிடம் நீட்டி, ஏதாவது ஒன்றை நீயே வைத்துக்கொள் என்றார்கள். அவரும் வைத்து, எல்லாவற்றையும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து சங்க அலுவலகப் போனில் இருந்தபடியே அவர் எந்தக் கடையாகவும் உள்ளே போகலாம் என்றாகிவிட்டது.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். சைரன் ஊதினால் எல்லாரும் வெளியே வந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, பச்சையை அழுத்த வேண்டும். ஊரில் போர்டு வைத்திருக்கிற தெரு ஐந்து. மற்ற தெருக்களுக்கு அரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு ஒன்பது நிமிஷம். செயலாளர் மேடையேறிக் கேடயம் வாங்கினார். மிட்டாய்க் கடைக்காரர் ஒத்திகை அன்று கல்லாவை விட்டு எழுந்ததே கிடையாது. உள்ளே உட்கார்ந்தபடியே போன் போட்டு, “தபாலு, நான் ஓடி வந்து வெளியே நிக்கிறேன், மூச்சு வாங்குது, போட்டுடு” என்பார். நாங்கள் சிரிப்போம். என் கட்டத்தையும் இரண்டு ஒத்திகையில் தபால் அண்ணன்தான் அழுத்தினார். ஊசியில் நூலைக் கோத்துவிட்ட பிறகு யார் எழுந்து போவது என்று நானும்தான் இருந்துவிட்டேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது நியாயமாகாது.

தெருவின் நடுவில் காகிதக் கடை. மேலே நோட்டுப் புத்தகம், கீழே நிலவறையில் கட்டுக் கட்டாகக் காகிதம். கடைக்காரர் பரம சாது. மழை என்றால் அவருக்கு ஆகாது. வானம் கறுத்தாலே ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். மேகத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போகிறவர் என்று கேலி செய்வார்கள். ஒத்திகை நாளில் அவரும் “நமக்கும் சேர்த்துப் போட்டுடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்தான்.

போன வருஷம் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் போர்டில் எச்சரிக்கை வந்தது. மேலே அணை மதகைத் திறந்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வரும், எல்லாரும் கிளம்புங்கள் என்று. இது ஒத்திகை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு மிட்டாய்க் கடைக்காரர்கூட எழுந்து ஓடினார். பெரும்பாலானவர்கள் தாங்களே பூட்டி, தாங்களே அழுத்தினார்கள். நானும் மெஷினைப் பரணில் ஏற்றிக் கட்டிவிட்டு, என் விரலால்தான் அழுத்தினேன்.

பதினொன்றரைக்கு நாற்பத்தொன்று பச்சை. காகிதக் கடை மட்டும் வெள்ளை.

தபால் அண்ணன் சங்க அலுவலக மாடியில் போனோடு உட்கார்ந்திருந்தார். அது தெருவின் மேட்டுப் பக்கம், முழங்கால் அளவு தண்ணீர். கீழ்க்கோடியில் இடுப்பளவு ஆகிவிட்டது. அங்கே மீட்புப் படகு ஒன்று வந்து நின்றது. செயலாளர் மீட்புப் படை அலுவலகத்தில் இருந்தார். அங்கிருந்து கூப்பிட்டார்.

“தபாலு, ஒண்ணே ஒண்ணு வெள்ளையா நிக்குது. காகிதக் கடை. படகுக்காரங்க கேக்குறாங்க. என்னன்னு பாத்துச் சொல்லு.”

இவர் காகிதக் கடைக்காரருக்கு மூன்று முறை போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். துணிக்கடைப் பெயர்ப்பலகை ஷட்டரை மறைத்தது. ஆனால் கடைக்கு எதிரே மரத்தடியில் வழக்கமாக நிற்கிற வண்டி இல்லை. காகிதக் கடைக்காரர் அன்றைக்கு விடியும்போதே, தண்ணீர் வந்தால் வண்டி போய்விடும் என்று, அதைப் பாலத்தடி மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். அது இவருக்குத் தெரியாது. மழைக்குப் பயந்தவர், வண்டியும் இல்லை, போய்விட்டார் என்று நினைத்தார்.

செயலாளர் மறுபடியும் கூப்பிட்டார். அடுத்த தெருவில் ஒரு தையல் பட்டறை, தகரக் கூரை மேல் பெண்கள் ஏறி நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள், படகு அங்கே போயாக வேண்டும், சீக்கிரம் சொல் என்றார்.

“அவரு போயிட்டாருண்ணே. வண்டி இல்ல.”

அட்டையைத் திருப்பி எண்ணைப் பார்த்து, காகிதக் கடையாக உள்ளே போய், பச்சையை அழுத்தினார். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. எங்கள் தெரு முழுசும் பச்சையானது. படகு திரும்பிப் போனது. பட்டறைக் கூரையிலிருந்து பத்தொன்பது பெண்களை இறக்கினார்கள். ஒருத்திக்குக்கூடக் கீறல் இல்லை.

காகிதக் கடைக்காரர் நிலவறையில் இருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கீழே தரையோடு புதுக் காகிதம் அடுக்கிக் கிடந்தது. ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி மேலே ஆணியில் மாட்டிவிட்டு, கட்டுகளைத் தூக்கிப் படியில் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அடுக்கு சரிந்து படியை அடைத்துவிட்டது. போன் மேலே சட்டைப் பையில். பின்சுவர் சாளரம் வழியாகத் தண்ணீர் மெதுவாக இறங்கியிருக்கிறது. மறுநாள் சாயந்திரம்தான் கண்டுபிடித்தார்கள். ஊறிப் பெருத்த காகிதத்தைக் கடப்பாறை போட்டு நெம்பித்தான் எடுக்க முடிந்தது. விரல் நகங்களுக்குள் காகிதக் கூழ் இருந்தது என்று அவரைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

போலீஸ் வந்து போர்டைப் பார்த்தது. காகிதக் கடை, கடைக்காரர், பச்சை, பதினொன்று நாற்பத்திரண்டு என்று இருந்தது. ஆணியில் இருந்த போனும் தண்ணீரில் போய்விட்டது. ஆக, மனுஷன் வெளியே வந்து பத்திரம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் சரக்கைக் காப்பாற்ற ஆசைப்பட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். தெருவும் அதையே பேசியது. உயிரைவிடக் காகிதம் பெரிதாகிவிட்டதே என்று மிட்டாய்க் கடைக்காரர் எல்லாரிடமும் சொன்னார். ஒன்பது நிமிஷ ரகசியம் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்போம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் எனக்கும் இருந்தது. நானும் கேட்கவில்லை.

ஒரு மாசம் கழித்து என் அலமாரியைத் துடைத்தபோது, கால் மடிக்கக் கொடுத்த ஒரு பேன்ட் கிடைத்தது. சீட்டில் காகிதக் கடை என்று நான் எழுதியிருந்தேன். அதைக் கொடுப்பதா, கொடுத்து அவர் மனைவியை இன்னும் அழவைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வேண்டிக்கொண்டு போனேன். அடுப்பு பற்றவைக்காத வீடு மாதிரி இருந்தது. அந்த அம்மா பேன்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

அன்றைக்குக் காலையில் அவருக்குக் காய்ச்சல். போக வேண்டாம் என்று இந்த அம்மா மறித்திருக்கிறார். காகிதம் தரையில் கிடக்கிறது, போயே ஆக வேண்டும் என்றிருக்கிறார் அவர். ஆத்திரத்தில் இவர் வாயில் வந்துவிட்டது.

“அப்படின்னா அந்தக் காகிதத்தோடயே கிடங்க, வீட்டுக்கு வர வேணாம்னு சொன்னேன் அக்கா. ஒரு வார்த்தை பதில் பேசல. சாப்பாட்டு டப்பாவையும் எடுக்காமப் போனாரு. போய், பச்சைன்னு அழுத்திட்டு, யாரும் தேடி வராதபடி செஞ்சுட்டு, உள்ள போய் உக்காந்துட்டாரு. நான் சொன்னதைத்தான் செஞ்சாரு.”

வேறு ஊரில் வேலை செய்கிற ஒரே மகளிடமும் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மகள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்வி, அவ்வளவுதான். அந்த அம்மாவின் கழுத்து எலும்பு தனியாகத் தெரிந்தது. இப்படியே போனால் இந்த அம்மாவும் அதிக நாள் இருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் தபால் அண்ணன் என் கடைக்குச் சுற்றறிக்கையோடு வந்தார். வேறொரு நகரத்து வணிகர்கள் எங்கள் போர்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்களாம், எல்லாரும் வர வேண்டும் என்று இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நேற்றுக் கேட்டது அத்தனையும் சொன்னேன். எதற்காக அவரிடம் சொல்கிறேன் என்று எனக்கே அப்போது தெளிவாக இல்லை. அவர் பேனாவை வாங்கி, மூடியை மாட்டி, மறுபடியும் கழற்றி, மறுபடியும் மாட்டினார். இறங்கிப் போனார். அடுத்த கடைக்குள் ஏறவில்லை. அவர் முதுகைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். நாலு நாள் அவர் பேசவே இல்லையாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாராம். ஐந்தாம் நாள் காலையில், அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வேலை போய்விடும், ஜெயில்கூட வரலாம் என்றார். அண்ணி கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“முப்பது வருஷமா ஊரார் கையெழுத்தெல்லாம் போட்டீங்க. உங்க கையெழுத்தை ஒரு தடவை போட்டா என்னவாம்?”

அவர் முதலில் போனது செயலாளரிடம். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கிறார். செயலாளர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் புத்தி சொன்னாராம். படகு அங்கே நின்றிருந்தால் அந்தப் பத்தொன்பது பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்றார். கேஸ் முடிந்துவிட்டது, இப்போது கிளறினால் ஊர் ஊராகப் போர்டு வேண்டாம் என்பார்கள், அதனால் எத்தனை உயிர் போகும் என்றார். பாதி நியாயம் அதிலும் இருந்தது. கடைசியில் குரலை இறக்கினாராம்.

“நீ போட்டியா, நான் போடச் சொன்னேனான்னு யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டான். ரெண்டு பேரும்தான் உள்ள போவோம். செத்தவரு எந்திரிச்சு வரப்போறாரா?”

“அவரு வரமாட்டாருண்ணே. அந்தம்மா இன்னும் சாகல.”

இவர் அதைச் சொன்னதும் செயலாளர் ஷட்டரைத் தூக்கிவிட்டாராம்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்து, கூட ஒரு பெண் இருந்தால் நல்லது, வர முடியுமா தங்கச்சி என்று கேட்டார். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வழி முழுக்க மனசுக்குள் வேண்டிக்கொண்டே நடந்தேன். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. உதடு அசைந்தது.

அந்த அம்மா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சுவரோரம் நின்று, சங்கத்தில் அறிக்கை வாசிக்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொன்னார். வண்டியைப் பற்றிச் சொன்னார். இறங்கிப் போய் ஷட்டரைத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை என்பதையும் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அப்ப படகு எங்க நின்னுச்சு?”

“கீழ்க்கோடியிலம்மா.”

“கடையிலேருந்து எவ்வளவு தூரம்?”

“நூறடி இருக்கும்.”

“அந்நேரம் அவரு உசிரோட இருந்தாரா?”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் எழுதியதைச் செயலாளர் வைத்திருந்தார், அதில் பிற்பகல் இரண்டு மணி என்று இருந்தது என்றார்.

“ரெண்டு மணி நேரம்” என்றார் அந்த அம்மா. யாரிடமும் சொல்வது போல இல்லை.

பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். எங்கள் இரண்டு பேரையும் அவர் பார்க்கவே இல்லை.

“பாப்பா, அப்பா அதை அழுத்தவே இல்லடி. வேற ஆளு அழுத்தியிருக்காங்க. கோவிச்சுக்கிட்டு உள்ள போகலடி அவரு. வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருக்காரு.”

மறுமுனையில் அந்தப் பெண் அழுத சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாயும் அழுதார். அந்த ஒரு மாசத்தில் அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தபால் அண்ணன் சுவரோரம் அப்படியே நின்றார். போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல்.

போனை வைத்த பிறகு அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“எங்கிட்ட சொல்லிட்டீங்க. தெருவே அவரு பேராசையில செத்தாருன்னு பேசுதே, அதுக்கு யாரு பதில் சொல்றது? சொல்லிட்டு, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க.”

சரிம்மா என்றார்.

என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். போர்டில் பழைய பதிவை அழிக்க முடியாது. அதன் கீழே குறிப்பு எழுதலாம், எழுதினால் எல்லார் போனுக்கும் போகும். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். காகிதக் கடைக் கட்டத்தை அன்று பச்சையாக்கியது கடைக்காரர் இல்லை, சங்க ஊழியனான நான், அவர் உள்ளே இருக்கிறாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எழுதினார். செயலாளரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போதுமா என்று என்னிடம் காட்டினார். போதும் என்றேன்.

மெஷின் மேல் இருந்த என் போன் சத்தம் போட்டது. பக்கத்துக் கடையில் ஒன்று. எதிர்க்கடையில் ஒன்று. அப்படியே தெருவோடு கீழ்க்கோடி வரை போனது. சிறிது நேரத்தில் கடைக்காரர்கள் கையில் போனோடு வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் எழுந்து, காவல் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போனால் கிட்ட என்று, முப்பது வருஷம் அந்தத் தெருவில் நடந்த மனுஷன், என்னைக் கேட்டார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. செயலாளரும் வாய்தாவுக்கு வருகிறார், வேறு பெஞ்சில் உட்காருகிறார். தபால் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறார். போர்டில் இனி கடைக்காரர் விரல் ரேகை இருந்தால்தான் நிறம் மாறும் என்று ஆக்கிவிட்டார்கள். போன ஒத்திகைக்கு எங்கள் தெருவுக்கு முப்பத்தாறு நிமிஷம் ஆனது. கேடயம் வேறு தெருவுக்குப் போனது.

சிலர் அவரைக் கொலைகாரர் என்கிறார்கள். அதில் மிட்டாய்க் கடைக்காரர் குரல்தான் ஓங்கி நிற்கிறது. வேறு சிலர், முடிந்துபோன கேஸில் போய்த் தானே தலையைக் கொடுத்தாரே, பிழைக்கத் தெரியாத ஆள் என்கிறார்கள். அண்ணி இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு, மெல்ல முடியாததை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி நடந்து போகிறார்.

மகள் வந்து தாயோடு பத்து நாள் இருந்தாள். கடையை இப்போது அந்த அம்மாதான் திறக்கிறார். கொஞ்சம் சாப்பிடுகிறார். ஆனால் போன வாரம் என் கடைக்கு வந்து, நூல் கண்டுகளை உருட்டிக்கொண்டே நின்றார்.

“முன்னெல்லாம், நான்தான் கொன்னுட்டேன்னு தூக்கம் வராது அக்கா. இப்ப வேற மாதிரி. அந்தப் படகு மோட்டார் சத்தம் அவருக்குக் கீழ கேட்டிருக்குமா? கேட்டுக்கிட்டே இருந்து, அது திரும்பிப் போறதும் கேட்டிருக்குமா? அன்னிக்குத் தெருவுல கடைசியா இருந்தவரு உங்க தபால் அண்ணன்தான். நான் போய்க் கேக்க முடியாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

கிடங்குக்குப் போய்க் கேட்டேன். அவர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

“ஆபீஸ் மாடி வரைக்கும் நல்லாவே கேட்டுச்சு தங்கச்சி.”

ஆறு நாளாகிறது. காலையில் கடை திறக்கும் முன் வேண்டிக்கொள்ளும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். காகிதக் கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்கிறது. நான் இன்னும் எழுந்து போகவில்லை.